டேப்புக்குள் நீலம்

தடய அறிவியல் ஆய்வகங்களில் பிணங்கள் இருக்கும் என்று இந்த மாவட்டத்தின் மக்கள்தொகையில் பெரும்பகுதி நம்புகிறது. இது தவறு. இதைவிட அழுத்தமாகச் சொல்ல வழியிருந்தால் அப்படியும் சொல்வேன். பிணங்கள் அரசு மருத்துவமனையில் இருக்கின்றன, அங்கே அவற்றுக்கென்று தனிக் கட்டடமும் தனிக் காவலாளியும் உண்டு. எங்கள் பிரிவில் இருப்பது பெயிண்ட், கயிறு, சட்டைப் பட்டன், பாலித்தீன் பை, பாதி எரிந்த நைலான் சேலையின் ஓரம், யாரோ யாரையோ கட்டிப்போட்ட ஒயர். ஆனாலும் ஆட்டோக்காரர் எங்கள் கேட்டுக்கு நாலு கடை தள்ளியே வண்டியை நிறுத்திவிடுகிறார், என் நாத்தனார் நான் ஆபீஸிலிருந்து நேரே வந்தால் ஹாலில் உட்கார விடுவதில்லை. நாத்தனார் விஷயத்தில் உண்மையான காரணம் பிணம் இல்லை, சேலை. அசல் பட்டு என்று அவள் நாலு வீட்டுக்குக் காட்டிய சேலையின் முந்தானையிலிருந்து ஒரு நூலை நான் உருவிக்கொண்டுவந்து அகச்சிவப்புக் கருவியில் வைத்தேன், வரைபடக் கோடு பட்டுக்கு ஏறவேண்டிய இடத்தில் ஏறாமல் ஆயிரத்து எழுநூற்றுப் பதினைந்து என்ற எண்ணில் பாலியெஸ்டர் கொடி ஏற்றியது, அதை நான் விருந்து இலையின் முன்னால் உட்கார்ந்து சொன்னேன். அது இப்போது எதற்கு. இப்போது மணி மூன்றரை, மேசையில் என் உதவியாளர் சகாயமேரி வைத்துவிட்டுப் போன இரண்டு நிறமாலைகள், அதே கருவி வரைந்த கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக அச்சடித்தது, ஒன்று சிவப்புக் கோடு ஒன்று கறுப்புக் கோடு, ஆனால் கறுப்பு தெரியவே இல்லை, சிவப்பு அதன் மேல் அப்படிப் படுத்திருக்கிறது. கீழே கணினியே போட்ட ஒப்புமை, தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு. அதற்கும் கீழே என் கையெழுத்துக்கான கோடு. அந்தக் கோட்டில் நான் தமயந்தி என்று எழுதினால், இங்கிருந்து அரை மணி தூரத்தில் ஒரு ஸ்டேஷன் பெஞ்சில் நேற்றிலிருந்து உட்கார்ந்திருக்கும் லோடு வண்டி டிரைவர் திருமூர்த்தி சிறைக்குப் போவான்.

எங்கள் அறிக்கைக்கு வழக்கமாக மாதக்கணக்காகும், அதற்குள் சாட்சிகளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிடும். இது மட்டும் இன்றைக்கே வேண்டும், ஏனென்றால் சைக்கிளில் மில் ஷிப்ட் முடிந்து போய்க்கொண்டிருந்த நாச்சிமுத்து என்பவரை ஒரு வண்டி இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது, அவர் பிழைக்கவில்லை, அவருடைய சொந்தக்காரர்கள் பைபாஸில் மறியலுக்கு உட்கார்ந்துவிட்டார்கள், ஒரு டீக்கடைக்காரர் நீல வண்டி என்றார், திருமூர்த்தியின் வண்டி நீலம். இந்தப் பக்கத்து லோடு வண்டிகளில் பாதி நீலம்தான், ஆனால் அந்த ரோட்டில் அந்த நேரத்தில் வந்தவன் அவன். பாக்கெட்டுகளைக் கோர்ட்டுக் கடிதத்தோடு கையிலேயே கொண்டுவந்திருப்பவர் ஏட்டு மாரப்பன். காலையிலிருந்து வராந்தா நாற்காலியில் தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "மேட்ச் ஆயிருச்சுன்னா ராத்திரிக்குள்ள ரிமாண்டுங்க மேடம். ஆகலீன்னா ஓனரு வந்து எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போகலாம்னு இன்ஸ்பெக்டரு சொல்லீட்டாருங்க. எப்படியோ ஒண்ணு சொல்லீருங்க, எனக்கு இடுப்புப் போச்சு" என்றார் காலையில். எப்படியோ ஒன்று. சைக்கிளின் பின் மட்கார்டில் இருந்த நீலத் தடம் ஒரு பாக்கெட், வண்டியின் பம்பரிலிருந்து சுரண்டிய நீலம் ஒரு பாக்கெட். இரண்டும் ஒன்று என்கிறது காகிதம். பேனா கையில் இருக்கிறது. எது என்னைத் தடுக்கிறது என்று எனக்கே தெரியவில்லை, அதனால் பேனாவின் மூடியை மூடித் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன், மூடி பாலிஸ்டைரீன், நகத்தால் தட்டினால் உலோகம் மாதிரி கிணுகிணுக்கும், உடல் பாலிபுரொப்பிலீன், அது ஊமை.

அழகாக இருக்கிறது, அதுதான் தடுக்கிறது. இவ்வளவு அழகு எனக்கு ஆகாது. ஒரே டப்பாவிலிருந்து ஒரே பிரஷ்ஷால் ஒரே கதவில் அடித்த பெயிண்டில் மேலே ஒரு துகளும் கீழே ஒரு துகளும் எடுத்து வைத்தாலும் இப்படிப் பொருந்தாது. வெயில் பட்ட பக்கம் கொஞ்சம் ஆக்சிஜன் ஏறியிருக்கும், மண் ஒட்டியிருக்கும், டீசல் புகை படிந்திருக்கும். வண்டியில் இருந்தது ஒன்று, ஓர் ஆளின் சாவு வழியாக வந்தது இன்னொன்று, இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி தலைவாரிப் பவுடர் போட்டு நிற்கின்றன. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு, இரண்டாயிரத்து எண்ணூற்று முப்பத்தெட்டு, ஆயிரத்து நானூற்று ஐம்பத்தைந்து, ஆயிரத்து முந்நூற்று எழுபத்தாறு. ஒவ்வொரு வேதிப்பிணைப்பும் தனக்கென்று ஓர் அதிர்வு வைத்திருக்கிறது, அதற்கு ஏற்ற அகச்சிவப்பு ஒளி வந்தால் விழுங்கிக்கொள்கிறது, விழுங்கிய இடங்களின் வரைபடம்தான் இது. இந்த நான்கும் எனக்குப் பழக்கம். பெயிண்ட் இல்லை, பாலிபுரொப்பிலீன், இதோ இந்தப் பேனா உடல். சகாயமேரியும் அதைப் பார்த்துத்தான் இருக்கிறாள், பார்க்காதவள் இல்லை, பதினெட்டு வருட சர்வீஸ். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள், பம்பர் பிளாஸ்டிக் என்று. சரிதான், வண்டி பம்பர்கள் பாலிபுரொப்பிலீனில்தான் வார்க்கிறார்கள், பம்பர் சைக்கிளில் உரசினால் பிளாஸ்டிக் ஈஷிக்கொள்ளும், நீலம் பூசின பிளாஸ்டிக். எல்லாம் பொருந்துகிறது. பிறகு ஏன் மூடியை மூடித் திறக்கிறேன். பெயிண்ட் எங்கே. பம்பருக்கு மேல் பூசின பெயிண்ட் எங்கே. பெயிண்டின் பிசின் ஆயிரத்து எழுநூற்று முப்பதில் தலைகாட்டாமல் இருக்காது, இங்கே அந்த இடம் துடைத்துவைத்த தரை. கண்ணுக்கு நீலமாகத் தெரிகிற துகள், கருவிக்கு நீலமே இல்லை என்கிறது. கருவி பொய் சொல்வதில்லை என்று பயிற்சி வகுப்பில் சொல்வோம். அதுவும் ஒரு நம்பிக்கைதான். கருவியைத் தவறான கேள்வி கேட்டால் அது தவறான கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லும், நம் வீட்டு ஆட்களைப் போல.

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன், வராந்தா வெளிச்சம் கண்ணில் அடித்தது. "ஏட்டய்யா, அந்த வண்டி பம்பர் பிளாஸ்டிக்குதானே?" மாரப்பன் கழுத்தைத் திருப்பினார். "பிளாஸ்டிக்குங்களா? அதெல்லாம் வாங்கின ஒரே மாசத்துல கழட்டி எறிஞ்சிருப்பானுங்க. இது இரும்புப் பைப்புங்க மேடம், பட்டறைல அடிச்சு மாட்டுனது. எருமை முட்டுனாலும் எருமைக்குத்தான் சேதம். நாந்தான பிளேடு போட்டு ஒரண்டுனன், கைய வேற அறுத்துக்கிட்டன் பாருங்க." கட்டைவிரலைக் காட்டினார், அதில் ஒரு பிளாஸ்திரி. இரும்பு. சுரண்டிய துகள் இரும்பின் மேல் இருந்த பெயிண்ட், அதில் பாலிபுரொப்பிலீனுக்கு என்ன வேலை. கருவி அறைக்குத் திரும்பி வந்து நின்றேன், எதற்கு வந்தேன் என்று ஒரு கணம் மறந்து. பிளாஸ்திரி. ஒட்டும் பொருள். சைக்கிள் மட்கார்ட் தகரம், வண்டி பம்பர் இரும்பு, இரண்டிலும் பாலிபுரொப்பிலீன் இல்லை, இரண்டு பாக்கெட்டிலும் பாலிபுரொப்பிலீன் இருக்கிறது, அப்படியானால் அது எங்கிருந்து வந்தது, யாரோடு வந்தது. பாக்கெட்டைத் திறந்து மீதித் துகளைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, காலையிலும் பார்த்தேன். செலோடேப். துகளை ஒட்டியெடுத்து, டேப்பை அதன் மேலேயே மடித்து அமுக்கியிருக்கிறார் மாரப்பன், நீலம் உள்ளே, டேப் இரண்டு பக்கமும். கடுகில் கால்பங்கு இருக்கும் துகள், பிரித்தெடுத்தால் மின்விசிறிக் காற்றில் போய்விடும் என்று மேரி டேப்போடு சேர்த்துக் கத்தரித்துக் கருவியில் ஒளி வந்து படும் வைர முனையில் அழுத்தியிருக்கிறாள். நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஏனென்றால் டேப் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததை மனம் இல்லை என்று எழுதிக்கொள்கிறது. ஆனால் எங்கள் கருவியின் அகச்சிவப்பு, வைரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குள் ஒரு தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குதான் எட்டிப்பார்க்கும், அதோடு சரி. அதற்கு டேப் சுவர். சன்னல் கண்ணாடியும் அகச்சிவப்புக்குச் சுவர்தான். நம் கண்ணுக்கு வழி விடுவதெல்லாம் எல்லா ஒளிக்கும் வழி விடும் என்று யார் சொன்னது, யாரும் சொல்லவில்லை, எல்லோரும் நம்புகிறோம்.

பாக்கெட்டின் ஓரத்தில் நீலம் எதுவும் இல்லாத வெறும் டேப்பில் ஒரு துண்டு வெட்டி வைரத்தின் மேல் வைத்து அழுத்தினேன். திரையில் கோடு ஊர்ந்து வந்தது. பதினேழு, முப்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, எழுபத்தாறு. ஒப்புமை தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு. வெறும் டேப், திருமூர்த்தியின் வண்டியைவிடக் கூடுதலாக நாச்சிமுத்துவின் சாவோடு பொருந்துகிறது. சிரிப்பு வந்தது, பிறகு கையில் இன்னும் திறந்தே இருந்த பேனாவை மூடிவைத்தேன். "மேரி, இங்க கொஞ்சம் வா" என்றேன், சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. சகாயமேரி டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு வந்தாள், திரையைப் பார்த்தாள், துண்டு டேப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஐயோ மாதாவே" என்றாள். அப்புறம், "அக்கா, நீங்க சைன் போட்டுட்டீங்களா?" இல்லை என்று தலையாட்டினேன். "அப்ப சரி. நான் இப்ப போய் அந்த ஏட்டு கழுத்தப் புடிக்கேன். மடிச்சு வச்சிருக்காரு பாருங்க, பீடா மடிக்க மாதிரி." வராந்தாவிலிருந்து மாரப்பன் அதைக் கேட்டுவிட்டார். "ஏனுங்க, போன வருசம் நீங்கதான சர்க்குலர் போட்டீங்க, துகளு சிந்தாம அனுப்பணும்னு? நான் சிந்தாம அனுப்பிச்சனா இல்லீங்களா?" உண்மைதான், சிந்தவில்லை. "அக்கா, நான் துகளப் பிரிச்சுப் பாக்கட்டா?" "வேண்டாம், ஒட்டுப்பசையோட வரும், பசை அக்ரிலிக், அதுவே ஆயிரத்து எழுநூத்து முப்பதுல வந்து உக்காந்துக்கிட்டு நான்தான் பெயிண்ட்டுன்னு சொல்லும். ராமன் கருவில வைக்கலாம், அதோட லேசர் டேப்பத் தாண்டிப் போகும். டேப்பப் பிரிக்கவே வேண்டாம்."

இப்போது இருட்டறை. நான் மட்டும். ராமன் கருவிக்கு ஆயுத பூஜையன்று வைத்த சந்தனப் பொட்டு நெற்றியில் காய்ந்து பாதி உதிர்ந்திருக்கிறது, குங்குமத்தை மட்டும் வைக்க விடுவதில்லை, அதில் மஞ்சள் உண்டு, மஞ்சள் ஒரு துளி மேடையில் விழுந்தால் பச்சை லேசரில் ஒளிர்ந்து எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும், மஞ்சளுக்குத் தான் இருக்கும் இடத்தில் வேறு யாரும் பேசக்கூடாது. நுண்ணோக்கியில் டேப்பின் மேற்பரப்பு தெரிகிறது, ஒரு கீறல், ஒரு ரேகைத் துணுக்கு, அநேகமாக மாரப்பனுடையது. திருகைத் திருப்பத் திருப்பக் கீறல் மங்குகிறது, கீழே நீலம் மெல்லத் துலங்குகிறது, கிணற்றில் இறங்குவது மாதிரி, ஆனால் மொத்த ஆழமும் ஒரு தலைமுடிக்குள். பச்சைப் புள்ளி அந்த நீலத்தில் போய் நிற்கிறது. இந்த ஒளி டேப்பின் வழியாக இறங்கும், நீலத்தைத் தொடும், திரும்பும். திரும்பும் ஒளித்துகள்களில் கோடியில் ஒன்றிரண்டு மட்டும் போனபடி வராது, தொட்ட பொருளின் அதிர்வுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுக் குறைந்து வரும், மற்ற கோடியும் எதையும் கற்றுக்கொள்ளாமல் போன மாதிரியே திரும்பும். அந்த ஒன்றிரண்டுக்காகத்தான் அறை இருட்டு, செல்போன் வெளியே, நான் மூச்சைக்கூட அளந்து விடுகிறேன், மூச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தும். முதலில் வண்டித் துகள். வரும்வரை என்ன நினைப்பது. திருமூர்த்திதான் இடித்தான் என்றும் இருக்கலாம். அதை நான் மறந்துவிடக் கூடாது. டேப் பொருந்தியதால் அவன் நிரபராதி ஆகிவிடவில்லை, டேப் பொருந்தியது, அவ்வளவுதான். உள்ளே இரண்டு நீலமும் ஒன்றாகவே இருந்தால் நான் கையெழுத்துப் போடுவேன், அவன் போவான், அது சரியாகவும் இருக்கும். அப்படி இருக்கவேண்டும் என்று நினைக்கிறேனா, இருக்கக்கூடாது என்று நினைக்கிறேனா. எதையும் நினைக்கக்கூடாது. நினைத்தால் கோட்டில் அது தெரியும் என்று ஒரு பயம், கோட்டில் தெரியாது, கோட்டைப் படிக்கிற கண்ணில் தெரியும். திருமூர்த்திக்கு என்ன வயது, கேட்கவில்லை, கேட்காதது நல்லது. பைபாஸில் உட்கார்ந்திருப்பவர்கள் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டும். பெயரை நான் கொடுக்காவிட்டால் மேலேயிருந்து போன் வரும், தமயந்தி, ஒரு பெயிண்ட்டைப் பார்த்துச் சொல்ல இவ்வளவு நேரமா. திரையில் கோடு வருகிறது. எண்ணூற்றெட்டு, எண்ணூற்று நாற்பத்தொன்று, இது டேப், வா அம்மா, உன்னைத் தெரியும். அறுநூற்று எண்பது. எழுநூற்று நாற்பத்தேழு. ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தேழில் ஒரு நெடிய கம்பம். தாலோசயனின் நீலம், செம்பை நடுவில் வைத்துக் கட்டிய மூலக்கூறு, வண்டிப் பெயிண்ட் வண்டிப் பெயிண்ட்டாகவே இருக்கிறது. நல்லது.

சைக்கிள் துகள். திருகு, கீறல், மங்கல், நீலம். இந்த நீலம் கொஞ்சம் வேறு மாதிரி, பொடிப்பொடியாக, நடுவில் வெள்ளை மணிகள், காலையில் இது ஏன் கண்ணில் படவில்லை, பட்டிருக்கும், நீலம் என்று பெயர் வைத்துவிட்டால் பிறகு யார் பார்க்கிறார்கள். எண்ணூற்றெட்டு, நாற்பத்தொன்று, டேப். பிறகு ஐந்நூற்று நாற்பத்தெட்டு. உயரமாக, தனியாக. அதன் இரட்டிப்பு ஆயிரத்துத் தொண்ணூற்றாறில் சின்னதாக. ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தேழில் ஒன்றுமில்லை, மேடு இல்லை, சாயல்கூட இல்லை. ஐந்நூற்று நாற்பத்தெட்டு அல்ட்ராமரின், கந்தக நீலம், வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலம். எந்த லோடு வண்டிக்கு யார் துணி நீலம் பூசுகிறார்கள். புள்ளியை நகர்த்தி ஒரு வெள்ளை மணியின் மேல் வைத்தேன். ஆயிரத்து எண்பத்தாறு, ஊசி மாதிரி. கால்சைட். சுண்ணாம்பு காற்றில் கிடந்து கல்லானால் இது. சுண்ணாம்பும் நீலமும். சுண்ணாம்பும் நீலமும் எங்கே சேர்ந்திருக்கும் என்பதற்குக் கருவியின் மாதிரி நூலகம் வேண்டியதில்லை, ஆனாலும் என் மனம் நூலகத்தைப் புரட்டுகிறது, பள்ளிக்கூடம், கோவில் மதில், கொடிக்கம்பத்து மேடை, எதிலோ வந்து நிற்காமல் வழுக்குகிறது. மட்கார்ட். பின் மட்கார்ட். சைக்கிளின் பின் மட்கார்ட் தினமும் எதில் உரசும். ஸ்டாண்டு உடைந்த சைக்கிளை எதில் சாய்ப்பார்கள்.

கதவைத் திறந்தேன், இந்தத் தடவை வெளிச்சம் குறைந்திருந்தது. "ஏட்டய்யா, நாச்சிமுத்து வீட்டுக்குப் போயிருந்தீங்களா?" "போகாமங்களா? பாடி வாங்கறதுக்கு அவுரு சம்சாரத்துகிட்டக் கையெழுத்து வாங்க நாந்தானுங்களே போனது." "வீட்டுச் சுவர் என்ன கலர்?" மாரப்பன் என்னை ஒரு மாதிரி பார்த்தார், இருட்டில் அதிக நேரம் இருந்தவர்களைப் பார்க்கிற பார்வை. "சொவரா? நீலந்தானுங்க. சுண்ணாம்புல நீலம் கலந்து அடிச்சது, சாஞ்சா சட்டையெல்லாம் ஆயிரும். எனக்கே ஆயிருச்சு." சொல்லிவிட்டு வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றது. சைக்கிளுக்கு ஸ்டாண்டு இருந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார், மெதுவாக, "ஸ்டாண்டு இல்லீங்க மேடம் அந்த சைக்கிளுக்கு." மேரி பின்னாலிருந்து, "அப்ப அந்த மனுசன் வீட்டுச் சுவரையா நாம காலைலேர்ந்து புடிச்சு வச்சிருக்கோம்" என்றாள்.  மாரப்பன் தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "அப்ப இடிச்சவன் எவன்னு இதுல தெரியாதுங்களா?" தெரியாது என்றேன். இதில் இருப்பது அவர் வீடு. இடித்த வண்டியின் பெயிண்ட் அந்த சைக்கிளில் வேறெங்காவது இருக்கலாம், ஹேண்டில் பாரில், பெடலில், சைக்கிளையே முழுசாகக் கொண்டுவரச் சொல்லுங்கள், டேப் ஒட்டாமல். "முழுசாவா? பஸ்சுல ஏத்த மாட்டானுங்களே" என்றார், ஆனால் ஏற்கெனவே எப்படி ஏற்றுவது என்று யோசிக்கிற முகம்.

மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தேன். மேரியின் காகிதத்தைக் குறுக்கே கோடிட்டு, புதுக் காகிதத்தில் எழுதத் தொடங்கினேன், ஒவ்வொரு சொல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, ஏனென்றால் இப்போது வேறு பயம், அதிகமாகச் சொல்லிவிடுவேனோ என்று. சுவர் என்று எழுதலாமா. கூடாது, சுவரின் மாதிரி என்னிடம் இல்லை, ஏட்டின் சட்டை இருக்கிறது, அது கோர்ட்டு அனுப்பிய பொருள் இல்லை. சுண்ணாம்பும் அல்ட்ராமரின் நீலமும் கலந்த பூச்சு என்று எழுதலாம். வண்டியின் பெயிண்ட் அல்ல என்று எழுதலாம். திருமூர்த்தி இடிக்கவில்லை என்று எழுத முடியாது, அந்தக் கேள்விக்கு என் பச்சைப் புள்ளியிடம் பதில் இல்லை, அவன் இடித்திருக்கவும் கூடும், இடிக்காமலிருக்கவும் கூடும், இவ்வளவு நேரம் இருட்டில் மூச்சை அளந்துவிட்டு நான் வெளியே கொண்டுவந்தது ஒரு 'தெரியாது'. ஆனால் காலையில் இருந்தது தெரியும் என்கிற பொய், சாயங்காலம் இருப்பது தெரியாது என்கிற மெய், இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் எழுதியது இது: இரு மாதிரிகளிலும் உள்ள நிறமிகள் வேறுபடுகின்றன, இரண்டும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை அல்ல. தமயந்தி. மேரி சீல் வைத்தாள், அரக்கு வாசனை அறை முழுக்க நிறைந்தது. மாரப்பன் உறையை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வராந்தாத் தூணருகே போய் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். "ஆமாங்கய்யா, இல்லீங்கறாங்க. ரெண்டும் வேற வேறயாமாங்க. சரிங்கய்யா, ஓனர வரச் சொல்லீர்றனுங்க."  பிறகு வேறு யாரையோ லைனில் கூப்பிடச் சொல்லி, ஸ்டேஷனில் இருப்பவர்களுக்கு ராத்திரிக்குச் சொல்லியிருந்த புரோட்டாவில் ஒரு பொட்டலத்தைக் குறைக்கச் சொன்னார்.